அம்மாவின் தோள்வலிக்கு அக்குபங்சர் பார்க்கலாமா? சுகர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்

பாசிக்காரி மகள் (பாம்பன்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பாம்பன் சின்னப்பாலம். அம்மாவுக்கு 54 வயது. பதினாறு வயதிலிருந்து கடல்பாசி எடுக்கப் போகிறார்.

பாசி எடுப்பது தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் தோளைப் பற்றிப் புரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வள்ளத்தில் பார் (கடலடிப் பாறைத்திட்டு) பக்கம் போவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முகத்தில் கண்ணாடி, விரல் அறுபடாமல் இருக்கத் துணிச் சுற்று, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்க வேண்டும். அலை ஆளை ஒரு பக்கம் இழுக்கும், கை பாறையோடு நிற்கும். பை நிறைந்ததும் தண்ணீரில் நின்றபடியே வள்ளத்துக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பாறையைப் பிடிப்பதும் பையைத் தூக்குவதும் அம்மாவுக்கு வலது கைதான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அந்த வலது தோளில் இரவு மட்டும் குத்தல் வந்தது. உப்புத்தண்ணி அலுப்பு என்று அம்மா தைலம் தேய்த்துக்கொண்டார். ரெண்டாவது மாதம் கொண்டை போட முடியவில்லை. இப்போது முந்தானையைப் பின்னால் கொண்டுபோகவே முடியவில்லை. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் எழுந்து உட்கார்ந்து அழுகிறார். நான் ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். காலை ஆறரை பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால் அம்மாவுக்குத் தலை சீவி விட்டுத்தான் கிளம்புகிறேன். சின்ன வயதில் எனக்குச் சீவி விட்ட கை அது. மேலே எழுத வரவில்லை.

சுளுக்கு எடுப்பவர் ஒருவர் கையை முறுக்கி இழுத்துவிட்டார். அன்று ராத்திரி முழுக்க அம்மா அலறினார். மெடிக்கல் கடை மாத்திரை போட்டால் மதியம் வரை தாங்கும், அவ்வளவுதான்.

அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை, அக்குபங்சர் பார்க்கும் ஒருவரிடம் அழைத்துப் போனார். அவர் ஊசியே போடவில்லையாம். மணிக்கட்டில் நாடி பார்த்துவிட்டுக் கையில் ஒரே ஒரு இடத்தை விரலால் தொட்டுக்கொண்டு ஒரு நிமிடம் இருந்தாராம். இருநூறு ரூபாய். அம்மாவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போய்விட்டது. அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். எத்தனை வருடமாகப் பாசிக்குப் போகிறீர்கள், தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டிருக்கிறார். இதுவரை எந்த டாக்டரும் அம்மாவிடம் அப்படிக் கேட்டதில்லை.

எனக்குப் பயம் என்னவென்றால், அம்மாவுக்கு ஆறு வருடமாகச் சுகர். "சுகர்னு ஒரு நோயே கிடையாது, மாத்திரைக் கழிவுதான் தோளில் தேங்கி நிக்குது, எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். அம்மாவும் நிறுத்திவிட்டார். இன்றோடு ஒன்பது நாள். கேட்டால், "வலி கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் இருக்கு, நீ சும்மா இரு" என்கிறார்.

தோள்வலிக்கு அக்குபங்சர் உண்மையிலேயே கேட்குமா? தொடுவதும் ஊசி குத்துவதும் ஒன்றா? மாத்திரை விஷயத்தில் அம்மாவிடம் என்ன சொல்வது? பார்த்தவர்கள், பட்டவர்கள் சொல்லுங்கள்.

விசைப்படகு அண்ணன் (ராமேஸ்வரம்):

தங்கச்சி, நான் ஊசி போட்டுக்கொண்டவன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

விசைப்படகில் வலையை இழுக்க வின்ச் இருக்கிறது. ஆனால் மடி (வலையில் மீன் சேரும் பை) மேலே வந்ததும் ஆள்தான் கை கொடுக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் அப்படி. எனக்கு இடது தோள். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் மின்னல் மாதிரி வெட்டும், அதைத் தாண்டிவிட்டால் வலி விட்டுவிடும். ஸ்கேன் பார்த்து, தோளுக்குள் ஓடும் தசைநாண் புண்ணாகி வீங்கியிருக்கிறது, கிழியவில்லை என்று சொன்னார்கள். உங்கள் அம்மாவுக்குச் சொல்வதைப் பார்த்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது.

நான் போனது எம்பிபிஎஸ் படித்து அக்குபங்சரும் பயின்ற ஒரு டாக்டரிடம். ஊசி மயிரிழை போல மெல்லியது. ஒவ்வொரு தடவையும் புது உறையை என் கண் முன்னால் பிரிப்பார். தோள் நுனியில் இரண்டு, கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுச் சதையில் ஒன்று. குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி, அப்புறம் உள்ளே மந்தமான ஒரு கனம் பரவும். அந்தக் கனம் வருகிறதா என்று அவரே கேட்பார். என்னால் மறக்க முடியாதது கால் ஊசிதான். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் வெளிப்புறமாக ஒரு ஊசியைப் போட்டு அதை மெல்லத் திருகிக்கொண்டே, "இப்போ கையைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். பாதியில் வெட்டும் இடத்தில் வலி குறைவாகத்தான் இருந்தது. தோள்வலிக்குக் காலில் குத்துவது சீன முறையில் வெகுகாலமாக இருக்கிறது என்று சொன்னார்.

எட்டு முறை போனேன். வலி முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நான் போனது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில். அந்த 61 நாளும் நான் ஒரு மடியைக்கூடத் தூக்கவில்லை. ஊசி சரியாக்கியதா, ஓய்வு சரியாக்கியதா, டாக்டர் சொல்லிக்கொடுத்த ரப்பர் பட்டைப் பயிற்சி சரியாக்கியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தூக்கம் வந்தது ஊசியால்தான். மூன்றாவது தடவைக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன். அதை நான் அடித்துச் சொல்வேன்.

எனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. அந்த டாக்டர் அதில் கை வைக்கவே இல்லை. "அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்றார்.

கீழக்கரைக்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் மாத்திரை.

எங்கள் வாப்பாவுக்கும் இதே கதைதான். அவருக்கு முழங்கால் வலி. தொட்டுப் பார்க்கும் ஒருவர், மாத்திரையை நிறுத்தினால்தான் உடம்பு தன்னைத் தானே சரி செய்யும் என்றார். வாப்பா நான்கு மாதம் நிறுத்தினார். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். உம்மா போனில் சொல்லவில்லை, வாப்பா சொல்லக் கூடாது என்றிருக்கிறார். காலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. நான் துபாயிலிருந்து வந்து இறங்கியபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதை எடுத்தார்கள். இன்றைக்கும் வாப்பா ஒளுச் செய்யக் காலை நீட்டும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

உங்கள் உம்மா கடலில் பாறை மேல் நிற்கிறவர், லாத்தா. பாதத்தில் கீறல் இல்லாத நாளே இருக்காது. சுகர் ஏறியிருக்கும்போது அந்தக் கீறல் என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இன்றைக்கே ரத்தம் பாருங்கள். இன்றைக்கே அம்மாவின் பாதத்தையும் திருப்பிப் பாருங்கள்.

பிசியோ அக்கா (ராமநாதபுரம்):

தம்பி சொன்னதுதான் முதல் வேலை. சுகர் பார்த்துவிட்டு, ஒன்பது நாள் மாத்திரை போடவில்லை என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விட்டுப்போனதற்கும் சேர்த்து அதிகமாகப் போட்டுவிட வேண்டாம். அலைய முடியவில்லை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் பகுதிப் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைக் கொடுங்கள். 2021-இல் தொடங்கிய திட்டம் அது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். தேவைப்படுகிறவர்களுக்கு இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வருவார்.

இனி தோள். நான் பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பாசி எடுக்கும் பெண்கள், பனை ஏறுகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், தையல் மிஷின் மிதிக்கிறவர்கள் என்று தோளோடு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். தோள்வலி என்று ஒரே பெயரில் நான்கைந்து விதமான தொந்தரவு வரும். எது என்று பார்க்காமல் ஊசியா, தொடுதலா, தைலமா என்று பேசுவதில் பலன் இல்லை.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அம்மாவை நிற்கவைத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி, கையை ஆங்கில எல் (L) எழுத்து மாதிரி மடக்கச் சொல்லுங்கள். முழங்கை இடுப்பை விட்டு விலகாமல் உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், கதவைத் திறக்கிற மாதிரி. இடது கை எவ்வளவு போகிறது, வலது எவ்வளவு போகிறது என்று பாருங்கள். அப்புறம் நீங்களே மெதுவாக அந்தக் கையைத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் திருப்பியும் அது நகராமல் கட்டை போல நின்றால், பெரும்பாலும் தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிட்டது என்று பொருள். ஃப்ரோஸன் ஷோல்டர் என்பார்கள், தோள் இறுக்கம். நீங்கள் தூக்கிவிட்டால் கை மேலே போகிறது, தானாகத் தூக்க மட்டும் முடியவில்லை என்றால் தசைநாண் கிழிந்திருக்கலாம். இரண்டுக்கும் வழி வேறு.

நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு முதலாவதுதான் தோன்றுகிறது. இரவு வலி, பின்னால் கை போகாதது, 40-க்கும் 60-க்கும் இடைப்பட்ட வயது, பெண், அதற்கு மேல் சுகர். பொதுவாக நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு வருகிற தோள் இறுக்கம், சுகர் உள்ளவர்களில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்கு வருகிறது. சுகர் ஏறினால் மூட்டு உறையிலுள்ள நார்ப்பொருள் விறைத்துப்போகிறது. ஆகவே மாத்திரைக் கழிவு தோளில் நிற்கிறது என்று அவர் சொன்னது தலைகீழ். மாத்திரையை விட்டால் தோளுக்கும் கெடுதல்தான்.

இந்த இறுக்கம் மூன்று கட்டமாகப் போகும். முதலில் வலி ஏறிக்கொண்டே கை இறுகும் காலம், அப்புறம் வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும் காலம், கடைசியில் மெல்ல இளகும் காலம். மொத்தம் ஒன்று முதல் மூன்று வருடம் வரை ஆகலாம். அம்மா முதல் கட்டத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டத்தில் கையை முறுக்கி இழுப்பது மிகவும் தவறு. ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் உறை இன்னும் வீங்கும். சுளுக்கு எடுத்த அன்று அம்மா அலறியது அதனால்தான். தயவுசெய்து மறுபடி யாரிடமும் அப்படிக் கையைக் கொடுக்காதீர்கள்.

அக்குபங்சருக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி கிடையாது. ஜெர்மனியில் நாள்பட்ட தோள்வலி உள்ள 424 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குச் சரியான புள்ளிகளில் ஊசி, ஒரு குழுவுக்கு வேறு இடத்தில் மேலோட்டமாகப் பெயருக்கு ஊசி, இன்னொரு குழுவுக்கு மாத்திரை, பிசியோ போன்ற வழக்கமான சிகிச்சை. ஊசிக் குழுக்களுக்கு ஆறு வாரத்தில் 15 முறை. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து வலி பாதியாகக் குறைந்திருந்தவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 65, பெயருக்குக் குத்திய குழுவில் 24, வழக்கமான சிகிச்சையில் 37. நல்ல பலன்தான். ஆனால் குத்துகிற டாக்டருக்கு யாருக்கு எது என்று தெரியும், அதை மறைக்க வழியில்லை. அந்தத் தெரிதலே நோயாளியிடம் கொஞ்சம் போய்ச் சேரும். அதற்கு முன்னால் 2005-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கொஞ்ச நாளைக்கு வலியும் அசைவும் தேறலாம், உறுதியாகச் சொல்லுமளவுக்குச் சான்று போதாது என்றுதான் எழுதினார்கள்.

ஆக, ஊசி வலியைக் குறைக்கலாம். சுருங்கிய உறையை ஊசி அவிழ்த்துவிடாது, அதை அசைவுதான் அவிழ்க்க வேண்டும். வலி குறைந்து தூக்கம் வருகிற அந்த நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினால் ஊசிக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. ஒரு விரலால் தொட்டுவிட்டு அனுப்புவதற்கு இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாது. அங்கே அளந்து பார்த்தது ஊசியை.

அம்மாவுக்கு ஆசை என்றால் முறையாகப் படித்த ஒருவரிடம் ஊசியே போடட்டும். ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் ஊசியா என்று பாருங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள மேட்டில் போட்டால் கவனம் வேண்டும், அதற்குக் கீழே நுரையீரல் இருக்கிறது. ஆழமாகக் குத்தினால் காற்று கசிந்து நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. ஊசி போட்ட அன்று கடலில் இறங்க வேண்டாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: இடது தோளில் திடீர் வலி, கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், நெஞ்சில் பாரம் இருந்தால் ஊசி, பிசியோ எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர்காரர்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியே இல்லாமலும் போகும்.

அப்புறம், அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் அறையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது பாசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானும்தான். அம்மா அவரிடம் போனதில் எனக்குக் கோபமே வரவில்லை.

பாசிக்காரி மகள் (பாம்பன்), மூன்று வாரம் கழித்து:

அண்ணன், கீழக்கரைத் தம்பி, அக்கா, மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அன்று இரவே பாதத்தைப் பார்த்தேன். இடது குதிகாலில் சிப்பி கிழித்த காயம் ஒன்று, அம்மாவுக்கே தெரியாமல். சீழ் வைக்கவில்லை. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வெறும் வயிற்றில் சுகர் 286. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 9.8 சதவீதம். டாக்டர் திட்டவில்லை. மாத்திரையை மாற்றிக்கொடுத்து, காயத்துக்கும் மருந்து எழுதினார். எக்ஸ்ரேயில் எலும்பில் ஒன்றும் இல்லை. நீங்கள் சொன்ன கதவு திறக்கிற சோதனையைத்தான் அவரும் செய்தார். வலது கை கொஞ்சமும் திரும்பவில்லை. தோள் இறுக்கம் என்று எழுதிக்கொடுத்தார். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி சீக்கிரம் குறையும், ஆனால் சில நாளைக்குச் சுகர் ஏறும், முதலில் சுகர் இறங்கட்டும் என்றார்.

அம்மாவிடம் பேசியதையும் சொல்ல வேண்டும். "அவர் பொய்க்காரர்" என்று நான் சொல்லவில்லை, சொன்னால் கேட்டிருக்க மாட்டார். கீழக்கரைத் தம்பி எழுதியதைப் போனில் பார்த்து அப்படியே படித்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளையோட வாப்பா இப்ப நடக்குறாரா?" என்று கேட்டுவிட்டு, தானே எழுந்துபோய் மாத்திரை டப்பாவை எடுத்துவந்தார்.

இப்போது பிசியோவில் சொன்ன பயிற்சிகள் நடக்கின்றன. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டுவது, கம்பைப் பிடித்துக்கொண்டு இடது கையால் வலதைத் தள்ளுவது, சுவரில் விரலால் நடப்பது. விரல் எட்டிய இடத்தில் என் தம்பி கரியால் கோடு போட்டு வைக்கிறான். முதல் கோடு அம்மாவின் நெஞ்சு உயரம். நேற்றைய கோடு கன்னத்துக்கு நேரே. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுச் செய்தால் நன்றாகப் போகிறது. இரவு வலி பத்துக்கு எட்டாக இருந்தது இப்போது ஆறு என்கிறார். அண்ணன் சொன்ன மாதிரி படித்த டாக்டரிடம் அக்குபங்சர் ஊசிக்கும் இரண்டு முறை போய்வந்தோம். ஊசி போட்ட இரவு இரண்டும் நன்றாகத் தூங்கினார். மற்றபடி எதனால் எவ்வளவு என்று எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா கேட்கச் சொன்னது ஒன்று. வருகிற அமாவாசைக்கு வள்ளம் போகிறது. வீட்டில் பணம் இல்லை, போகலாமா?

பிசியோ அக்கா (ராமநாதபுரம்):

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 286 என்று படித்ததும் பயந்துபோனேன், நல்லவேளை நேரத்துக்குப் போனீர்கள்.

முங்குவது இப்போது வேண்டாம். அலை இழுக்கும்போது பாறையைப் பிடிக்கிற கை அது, அந்த ஒரு இழுப்பு போதும் மூன்று வாரத்தை அழிக்க. குதிகால் காயமும் முழுக்க மூட வேண்டும். வள்ளத்துக்காரர்கள் ஒத்துக்கொண்டால் மேலே உட்கார்ந்து இடது கையால் பையை வாங்கிப் போடுகிற வேலையைப் பார்க்கலாம், ஈரப்பையை வலது கையால் தூக்கக் கூடாது. இல்லை என்றால் கரையில் பாசி காயவைப்பது, குப்பை பிரிப்பது. அந்தக் கூலி குறைவு என்று தெரியும். பத்துப் பேரில் அம்மாவோடு ரொம்ப நாள் முங்கியவர்களிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், அம்மா வாய் திறந்து கேட்க மாட்டார்.

கதவு திறக்கிற அசைவையும் வாரம் ஒருமுறை பாருங்கள். இடது கை போகிற தூரத்தில் பாதி வந்ததும் எழுதுங்கள், அடுத்த பயிற்சி சொல்கிறேன். சுவரில் உள்ள கோடுகளுக்குப் பக்கத்தில் தம்பியைத் தேதியும் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதாக இருந்தால் அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள்.